ஈயம் கட்டிப் போட்டாலும் அது தூண்டில்தான்!

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் ஆளாளுக்கு "இளைஞனே எழுந்து வா", "வல்லரசு பாரதம்" என்று நல்ல நல்ல தலைப்பாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு மிஞ்சியது மீன்தான். அதிலும் டிரவுட் மீன். சிரிக்காதீர்கள். போன வருஷம் அவலாஞ்சிப் பக்கம் அணைக்கரையில் ஒருத்தர் என் தாத்தாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

அவர் வெளியூர்க்காரர். இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த பொய் ஈயைத் தண்ணீர் மேலே அழகாக வீசிக்கொண்டிருந்தார். உண்மையிலேயே அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் பக்கத்தில் ஈயக்குண்டு கட்டி, மண்புழு கோத்து, அடியில் கிடக்கும்படி போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் திரும்பிப் பார்த்து, "இதெல்லாம் ஃபிஷிங்கே இல்லைங்க பெரியவரே, சோம்பேறி வேலை" என்றார். தாத்தா சிரித்துவிட்டு, "சரிங்க ஐயா" என்றார். எனக்குத்தான் காது சுட்டது.

தாத்தா இலங்கையில் நுவரெலியா பக்கம் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1964 ஒப்பந்தப்படி திரும்பி வந்தவர்களில் ஒருவர். அங்கேயும் ஓடைகளில் டிரவுட் உண்டு, வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டதுதான். சின்னப் பையனாக துரைக்குப் பின்னால் மீன் பையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். "பையைத் தூக்கலாம் தம்பி, தூண்டிலைத் தொடப்படாது" என்பார். நம் நீலகிரியிலும் அதே கதைதான். 1863இல் பிரான்சிஸ் டே முயற்சி செய்து தோற்றுப்போனார். 1907இல் வில்சன் என்கிற அதிகாரி அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் ரெயின்போ டிரவுட் இந்த மலையில் நிலைத்தது. அதற்கு முன்னாலேயே, 1879இல், இந்த மலையின் வேட்டைக்கும் மீனுக்கும் என்று தனிச் சட்டமே போட்டுவிட்டார்கள்! ஆக, பொய் ஈ உசத்தி, புழு மட்டம் என்பதை மீன் வந்து சொல்லவில்லை. துரைமார் விட்டுப்போன பழக்கம் அது.

என் கட்சி இதுதான்: டிரவுட் பிடிக்கப் புதிதாகப் பழகுகிறவன் அடியில் போட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். காசு இல்லாததால் மட்டும் சொல்லவில்லை (அதுவும் ஒரு காரணம்தான்!). மீன் எங்கே இருக்கிறது என்பதை அதுதான் கற்றுக்கொடுக்கிறது. டிரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன். 20 டிகிரிக்கு மேல் போனால் அதற்கு மூச்சுத் திணறல். முதல் வருஷ கெமிஸ்ட்ரியை நினைத்துப் பாருங்கள்: 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும், 25 டிகிரியில் அது 8 சொச்சம்தான் (கடல்மட்டக் கணக்கு, மலையில் இன்னும் குறையும்). வெயில் ஏற ஏற மேல் தண்ணீர் சூடாகிறது, குளிர்ந்த தண்ணீர் கனம் என்பதால் கீழே கிடக்கிறது. மீனும் கீழே இறங்கிவிடும். இல்லாவிட்டால் ஓடை வந்து அணையில் விழுகிற வாய்க்குப் போகும். விடிகாலையிலும் சாயங்காலத்திலும் கரைக்குப் பத்துப் பதினைந்து அடிக்குள்ளேயே மேயும். நான் முதல் நாள் முழுக்க, பலம் காட்டுகிறேன் என்று நட்டாற்றுக்கு வீசிக்கொண்டிருந்தேன். தாத்தா காலடியில் போட்டு எடுத்தார்.

ஈயம் கட்டுவதில் நான் பட்ட பாடு தனி. முதலில் தங்கூஸ் நரம்பில் ஈயத்தை இறுக்கிக் கட்டினேன். மீன் புழுவை இழுத்ததும் கனம் தெரிந்து, துப்பிவிட்டுப் போய்விட்டது. மூன்று முறை இப்படி. பிறகுதான் புரிந்தது, ஈயம் நரம்பில் ஓட வேண்டும், மீனுக்கு நரம்பு மட்டும்தான் தெரிய வேண்டும். நமக்கென்ன, ஒர்க்‌ஷாப் இருக்கிறதே! 2 மி.மீ. டிரில் போட்டு ஓட்டை போட்டுவிட்டேன். அடுத்த வாரம் நல்ல மீன் ஒன்று மாட்டியது, கரைக்கு இரண்டடியில் நரம்பு அறுந்தது. எடுத்துப் பார்த்தால் ஓட்டையின் ஓரத்தில் பிசிறு. டிரில் போட்டால் பிசிறு எடுக்க வேண்டும் என்று ஃபிட்டிங் ஷாப்பில் எத்தனை முறை கேட்டிருப்போம்! ரெக்கார்டில் எழுதியும் இருக்கிறேன். மார்க் கூட வாங்கினேன்.

இப்போது ஈயமே வேண்டாம் என்று விட்டுவிட்டேன், அது விஷமும்கூட. ஒரு சின்னப் பித்தளை வளையத்தை நரம்பில் ஓடவிட்டு, அதில் எம்-10 நட் ஒன்றைத் தையல் நூலில் தொங்கவிடுகிறேன். சுமார் 10 கிராம், கச்சிதம். தண்ணீருக்கடியில் மரக்கட்டையில் சிக்கினால் தையல் நூல்தான் அறும், போவது ஒரு நட். வளையத்துக்குக் கீழே தடுப்புக்கு ஒரு மணி, அதற்கும் கீழே இரண்டடி நரம்பு, சின்ன முள். அடி சேறாக இருந்தால் புழு புதைந்துவிடும். அதற்கு முள்ளுக்கு மேலே பட்டாணி அளவு தெர்மோகோல் கோத்தால் புழு சேற்றுக்கு மேலே தூக்கி நிற்கும்.

ஆனால் அந்த வெளியூர்க்காரர் சொன்னதில் ஒரு பங்கு நியாயம் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். அடியில் போடுகிறவர்கள் பலர் தூண்டிலைக் கல்லில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். அதற்குள் மீன் புழுவைத் தொண்டைக்குள் விழுங்கிவிடும். அப்படி விழுங்கிய மீனைத் திரும்ப விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. முள்ளைப் பிடுங்கினால் செவுளே கிழியும். ஒரு தடவை உள்ளங்கை நீளக் குஞ்சு ஒன்று அப்படி என் கையிலேயே செத்தது. அன்றைக்குத் தாத்தா என்னோடு பேசவில்லை. அந்தச் சோம்பேறித்தனத்தைச் சொன்னால் நானும் ஒத்துக்கொள்வேன்.

தூண்டிலைக் கையில் வைத்திருங்கள். நரம்பை ஆள்காட்டி விரலில் தொட்டுக்கொள்ளுங்கள். டொக் டொக் என்று இரண்டு தட்டு வரும், அப்போது இழுக்கக் கூடாது. அடுத்து நரம்பு சீராக நகரும், அல்லது மீன் நம் பக்கமே வந்தால் திடீரென்று தொய்யும். அந்த நொடியில் தூக்க வேண்டும். அதற்கு மேல் காத்திருந்தால் முள் வயிற்றுக்குப் போய்விடும். அந்த ஒரு நொடிக்காக மூன்று மணி நேரம் பனியில் விரல் விறைக்க உட்கார்ந்திருப்பது சோம்பேறி வேலையா? வீட்டுக்கு வேண்டியது இரண்டு மீன் என்றால் இரண்டோடு நிறுத்திவிட வேண்டும். பிடித்துப் பிடித்து விடுகிற விளையாட்டு இதில் செல்லாது.

இன்னொன்று. அணை மின்வாரியத்தினுடையது, சுற்றிலும் வனத்துறைக் காடு. அனுமதி இல்லாமல் போகாதீர்கள். "இந்த மலையில நான் தலை நிமிந்து மீன் பிடிக்கிறதே கையில சீட்டு இருக்கிறதாலதான்" என்பார் தாத்தா. அந்தச் சீட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார்.

செமஸ்டர் முடிந்ததும் அனுமதி வாங்கி ஒரு நாள் போகலாம் என்று இருக்கிறேன். வருகிறவர்கள் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு வகுப்பில் வந்து சொல்லுங்கள். புழுவும் நட்டும் என் பொறுப்பு. ஸ்வெட்டர் உங்கள் பொறுப்பு. தாத்தா வருவார், அவர் பையை நான் தூக்கிக்கொள்கிறேன்.