ஈறில் கசியும் இரத்தம்

பல் துலக்கும்போது இரத்தம் கசிந்தால், நம்மவர் வாயைக் கொப்பளித்துவிட்டுக் காப்பிக்குப் போய்விடுகிறார்கள். வலிதான் இல்லையே என்ற சமாதானம் வேறு! விரலில் தினமும் இரத்தம் வந்தால் சும்மா இருப்போமா?

ஈறுகளின் ஓரத்தில் படியும் அழுக்குப் படலத்தில் கோடானுகோடிக் கிருமிகள் வாழ்கின்றன. அவற்றை எதிர்க்க இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் வந்து குவிகின்றன. 'போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ்' என்னும் கிருமியின் தந்திரம் விசித்திரமானது. தன்னைக் கொல்லும் ஆற்றலை மட்டும் முடக்கிவிட்டு, அழற்சியை அது வளரவிடுகிறது. சிதைந்த திசுவே அதற்கு ஆகாரம். ஆகவே, பல்லைத் தாங்கும் எலும்பு கரைவதற்குப் பெரும்பாலும் காரணம், ஓயாது போராடும் நம் சொந்தப் படையே!

இப்போர் வாயோடு நிற்பதில்லை. அழற்சி சரீரமெங்கும் பரவி நீரிழிவை மிகுவிக்கிறது. நீரிழிவோ ஈறு நோயை மிகுவிக்கிறது. ஈறுகளுக்குச் சிகிச்சை செய்தபின் இரத்தத்தில் சர்க்கரை சற்று இறங்குவதை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள்.

புதுக்கோட்டையில் 2023-ஆம் ஆண்டு அரசினர் பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. "பல் ஆடினால் அங்கே போய்ப் பிடுங்கிக்கொள்ளலாம், ஸார்" என்றான் நம் வகுப்புப் பையன் ஒருவன், பாட்டியின் உபதேசமாம். பல் ஆடுமளவு கரைந்த எலும்பு பழையபடி வளர்வது அரிது. இரத்தம் கசியும்போதே பாட்டி போயிருந்தால், படலத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வதோடு பெரும்பாலும் காரியம் முடிந்திருக்கும்.