வீட்டுக் காவலும் வீடியோ கார்டும்

வீட்டிலுள்ள பழைய அனலாக் காவல் காமிராக்களைக் கம்ப்யூட்டருடன் இணைக்க விழைவோர், வீடியோ காப்சர் கார்டு வாங்குங்கால் அதன் இணைப்புத் துளைகளையே எண்ணுகின்றனர். நான்கு துளைகளிருப்பின் நான்கு காமிராக்களுக்கும் அது போதுமெனக் கொள்கின்றனர். இக்கணக்குப் பொருந்தாது.

இந்தியாவில் இக்காமிராக்கள் பி.ஏ.எல். முறையில் அமைந்தவை, நொடிக்கு 25 படங்களை அனுப்புவன. மலிவான கார்டுகள் பலவற்றில், சிக்னலை எண்களாக மாற்றும் சில்லு ஒன்றே உண்டு. அது நான்கு காமிராக்களையும் முறைவைத்தே பார்க்க இயலும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் கிட்டுவன ஏறத்தாழ 6 படங்களே. ஒன்றினின்று மற்றொன்றுக்கு மாறுந்தோறும் புதிய சிக்னலுடன் இசைவு கொள்ளச் சிறிது நேரம் கழிவதால், இத்தொகையும் குறையும். வாயிலைக் கடக்கும் கள்வன் முகங்காட்டுவது அரை நொடியாகவும் இருக்கலாம். அதற்குள் பதிவாகும் இரண்டொரு படங்களில் முகம் கலங்கியிருப்பின், இரவு முழுவதும் பதிவு செய்தும் பயன் யாது?

காமிரா ஒவ்வொன்றுக்கும் தனிச் சில்லுடைய கார்டே வாங்கத் தக்கது. விலை மிகுமாயின், தோட்டத்தை விடுத்து வாயிலுக்கு மட்டும் ஒன்றைச் செம்மையாக அமைப்பது மேல். பெட்டியின்மீது ‘25 படங்கள்’ என அச்சிட்டிருப்பின், அது மொத்தத்திற்கா, ஒவ்வொரு துளைக்குமா என வினவுதல் வேண்டும். விற்போர் தாமே கூறுதல் அரிது. புதிதாக ஐ.பி. காமிரா வாங்குவோர்க்கோ இக்கார்டே வேண்டியதில்லை. அது படத்தை எண்களாகவே அனுப்பிவிடுகிறது.