பழகிப்போன இரைச்சல்

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. ரஸ்தாவையொட்டிக் குடியிருப்போரிடம் வண்டிகளின் இரைச்சலைப் பற்றிப் பிரஸ்தாபித்தால், "பழகிப்போயிற்று" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அந்தப் பதிலில்தான் ஆபத்து இருக்கிறதென்பது நமது அபிப்பிராயம்.

காது பழகலாம், இருதயம் அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. நள்ளிரவில் லாரியொன்று ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போகிறது. தூங்குகிறவன் விழிப்பதில்லை, தான் ஒன்றுமே கேட்கவில்லையென்று காலையில் சத்தியமும் செய்வான். ஆயினும் அந்த க்ஷணத்தில் அவன் நாடி துரிதப்படுகிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அபாயம் நேர்ந்தாற்போல அட்ரினலின், கார்ட்டிஸால் முதலிய சுரப்புகள் பெருகுகின்றன. கண்ணுக்கு இமை வைத்த இயற்கை காதுக்கு மூடி வைக்கவில்லை. வருஷக் கணக்காக இரவுதோறும் இவ்வாறு நடந்தால் இரத்த அழுத்தம் ஏறுவதும், குழாய்களின் உட்சுவர் கெடுவதும் ஆச்சரியமல்ல.

இது வெறும் ஊகமன்று. உலக சுகாதார ஸ்தாபனம் 2018-ல் ஐரோப்பாவுக்கென வெளியிட்ட வழிகாட்டியில், ரஸ்தா இரைச்சல் சராசரி 53 டெசிபலுக்கு மேல் ஒவ்வொரு 10 டெசிபல் உயரும்போதும் மாரடைப்பு முதலிய இருதய நோய் சுமார் நூற்றுக்கு 8 பங்கு அதிகரிப்பதாகக் கண்டிருக்கிறது. டெசிபல் சாதாரணக் கணக்கல்ல. 10 கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்காகும். புகையிலையையும் நீரிழிவையும் நோக்க, தனி மனிதனுக்கு இந்த 8 பங்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் புகையிலையை விட்டுவிட ஒருவனால் முடியும். வீட்டு வாசலில் ஓடும் ரஸ்தாவை அவன் எங்கே கொண்டு விடுவான்?

கோயம்பேட்டிலிருந்து புறப்பட்ட காலத்திலும் சரி, 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்ட பிறகும் சரி, தென் ஜில்லாக்களுக்குச் செல்லும் இரவு பஸ்களுக்குக் கூடுவாஞ்சேரியே வழி. பக்கத்திலேயே ரயில் பாதை. வண்டிகள் ஓடக்கூடாதென்று நாம் சொல்லவில்லை. அந்த ரஸ்தாவினால்தான் இவ்வூர் வளர்ந்தது. ரயில் எஞ்சினின் ஊதல் உயிரைக் காப்பதற்கு; அதையும் குறை கூறோம். ஆனால் பாதி ராத்திரியில், காலியான ரஸ்தாவில், முன்னே போகிறவனை விரட்டுவதற்கென்றே அடிக்கப்படும் ஹாரன் யார் உயிரைக் காக்கிறது?

சட்டம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. 2000-ம் வருஷத்து இரைச்சல் விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலுக்கு மேல் கூடாது. அந்நேரத்தில் அங்கே அவசர காரியமின்றி ஹாரன் அடிப்பதையே 2010-ம் வருஷத்துத் திருத்தம் தடுக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்திற்கும் சுற்றிலும் 100 மீட்டர் அமைதி மண்டலமாகலாம். அநாவசியமாக ஹாரன் அடிப்பவனுக்கு 1,000 ரூபாயும், மறுமுறை 2,000 ரூபாயும் அபராதம் என்று 2019-ல் மோட்டார் சட்டம் திருத்தப்பட்டது. காகிதத்தில் நாம் ஐரோப்பாவுக்குச் சளைத்தவர்களல்ல! இரவில் ஜி.எஸ்.டி. ரஸ்தாவில் அரைமணி நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு அந்தக் காகிதத்தின் மதிப்புத் தெரியும்.

மத்திய மாசு கட்டுப்பாடு போர்டு 2011-ல் சென்னையில் தொடங்கிய ஒலி அளக்கும் நிலையங்கள் தியாகராயநகர், பெரம்பூர், கிண்டி போன்ற நகர்ப் பகுதிகளில் அமைந்தன. நகரமோ தெற்கே பரவிக்கொண்டே போகிறது. கூடுவாஞ்சேரிக்கும் ஒரு நிலையம் அவசியம். இரவு அளவைத் தனியாகக் குறித்து, மாதந்தோறும் நகராட்சிக் காரியாலயத்தின் வாசலில் ஜனங்கள் பார்க்கும்படி எழுதி வைக்கவேண்டும். இரவில் வண்டிகளின் வேகத்தை ஊருக்குள்ளாவது குறைக்கவேண்டும். வேகம் குறைந்தால் சக்கரத்தின் ஓசையும் குறையும். ரஸ்தாவோரம் புதிதாக எழும் மாடிக் கட்டிடங்களில் படுக்கையறை ரஸ்தாவை நோக்காதபடி வரைபடம் அனுமதிப்போர் கவனிக்கலாம். இவற்றில் முதலாவதற்கு ஆகும் செலவு சொற்பம். அதையேனும் சர்க்கார் இவ்வருஷமே செய்யுமா?