பெட்ரோல் டேங்க்கா, அம்மா மடியா, பெல்ட்டா? பைக்கில் வாண்டை எங்கே உட்கார வைக்கலாம்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பீச் ரோடோ, பஜார் ரோடோ... ஓரமாகப் பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். அப்பா தலையில் ஹெல்மெட். போலீஸுக்குப் பயந்து அம்மா தலையிலும் ஹெல்மெட். பெட்ரோல் டேங்க் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும் இரண்டு வயது வாண்டு தலையில் மட்டும், சளி பிடிக்கக் கூடாதே என்று காது மூடிய குல்லா!

குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்த இடம் அந்த டேங்க்தான். ரோடு தெரியும், ஹாரன் அடிக்கலாம். ஆனால், சடன் பிரேக் போட்டால் முன்னால் ஹேண்டில்பார், பின்னால் இருந்து சாயும் அப்பாவின் மொத்த எடை... நடுவில் குழந்தை. ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்தாலும் இதே ஆபத்துதான். முகம் சரியாக ஹேண்டில் உயரத்தில் இருக்கும். சிக்னலில் நிற்கும்போது வாண்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்கிவிட்டால்? எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சத்தமே இல்லாமல் பாய்ந்துவிடும். முன்னால் மாட்டும் குட்டி நாற்காலி உட்கார வசதி, அவ்வளவுதான். மோதினால் குழந்தை இருப்பது அதே இடத்தில்தான்.

சரி, அம்மா மடி? 'நான் கெட்டியா பிடிச்சுக்கறேன், நீங்க ஓட்டுங்க' என்று சொல்லாத அம்மா இல்லை. ஒரு சின்னக் கணக்கு. 40 கி.மீ வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், 12 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 130 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். 25 கிலோ அரிசி மூட்டை ஐந்து! அதுவும் ஒருபக்கமாக உட்கார்ந்து, இன்னொரு கையில் பையை வைத்துக்கொண்டு. பாசம் குறைவில்லை, கைக்குத்தான் அவ்வளவு பலம் கிடையாது.

இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. 2022 பிப்ரவரி 15-ல் மத்திய அரசு அறிவித்து, ஓராண்டு அவகாசத்துக்குப் பிறகு அமலுக்கு வந்தது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை டூவீலரில் பின்னால் ஏற்றினால் சேஃப்டி பெல்ட் கட்டாயம், ஹெல்மெட் கட்டாயம், வேகம் 40 கி.மீ-யைத் தாண்டக் கூடாது.

பெல்ட் என்றதும் இடுப்பில் சுற்றும் ஒற்றைப் பட்டையை வாங்கிவிடாதீர்கள். குழந்தைக்கு அது சட்டை போல மாட்ட வேண்டும். அதிலிருந்து வரும் இரண்டு பட்டைகளை ஓட்டுபவர் ஸ்கூல் பேக் மாதிரி தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். குழந்தையின் மேல் உடம்பு ஓட்டுபவரோடு ஒட்டி நிற்கணும், அதுதான் முக்கியம். 30 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தூங்கி விழுந்து சரிவதை பெல்ட் தடுக்கும். ஆனால் வண்டியே விழுந்தால் ஓட்டுபவரோடு குழந்தையும் விழும். அதனால்தான் ஹெல்மெட்டும், 40 என்ற கணக்கும். அந்த 40-ம் ஒன்றும் சின்ன வேகமில்லை. ஆறு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டாவது மாடியிலிருந்து, விழுந்தால் தரையில் மோதும் வேகம் அது.

அப்பா ஹெல்மெட்டைக் குழந்தைக்குக் கவிழ்த்துவிடுவது வேலைக்கு ஆகாது. தலைக்குப் பொருந்தும் சின்ன சைஸ் ஹெல்மெட் வாங்குங்கள். பிஞ்சுக் கழுத்துக்குக் கனம் ஆகாது என்றால், இ.என் 1078 தரத்தில் வரும் லேசான சைக்கிள் ஹெல்மெட்டையும் விதி ஏற்கிறது. ஒன்பது மாதத்துக்குக் கீழ் என்றால் பைக்கே வேண்டாம். தலை நன்றாக நிற்காத வயதில் ஆட்டோதான் சரி.

இப்போது அந்தச் சங்கடமான கேள்வி. அப்பா, குழந்தை, அம்மா என மூன்று பேர் போகலாமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-வது பிரிவு, ஓட்டுபவரோடு இன்னும் ஒருவரை மட்டுமே அனுமதிக்கிறது. குழந்தைக்கு அதில் தனிச் சலுகை இல்லை. ஒரே பைக் வைத்திருக்கும் வீட்டுக்கு இது கஷ்டம்தான். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஐந்து வயது வரை குழந்தைக்கும் இல்லை. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அம்மாவும் குழந்தையும் பஸ்ஸில் வர, அப்பா பைக்கில் போய் ஸ்டாப்பில் காத்திருக்கலாம்.

பைக்கில்தான் என்று முடிவானால், கிளம்பும் நேரத்தில் ஹெல்மெட்டை எடுக்காதீர்கள், அழுகைதான் மிஞ்சும். ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் கார்ட்டூன் பார்க்கும்போது பத்து நிமிடம் மாட்டிவிடுங்கள். பிறகு வாண்டே தேடி எடுத்து வந்து தலையை நீட்டும்.