ஓடுகின்ற இயந்திரமும் ஒப்புநோக்காத பக்கமும்

"ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் கைவைக்காதே" என்று அச்சுக்கூடத்து மூத்தவர்கள் சொல்வதுண்டு. அச்சியந்திரத்துக்கு அவ்விதி சரிதான். இணையத்தளங்களைத் தாங்கி நிற்கும் லினக்ஸ் வழங்கிகளுக்கு அது பொருந்தாது என்பதை நான் நட்டப்பட்டே கற்றுக்கொண்டேன்.

எனது கட்டுரைகள் இருந்த வழங்கியை, ஏதும் பழுதாகிவிடுமோ என்ற அச்சத்தால் இரண்டு ஆண்டுகள் இற்றைப்படுத்தாமலே விட்டிருந்தேன். பின்னர் ஓரிரவில் எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்ய முற்பட்டபோது தளம் முடங்கியது. காப்புப்பிரதி இருந்தது. ஆனால் அதிலிருந்த தரவுத்தளம் ஆறு மாதங்கள் பழையது. அந்த ஆறு மாதத்து எழுத்துக்கள் மீளவில்லை.

தாமதத்தின் விலை பெரியோருக்கும் உண்டு. அமெரிக்காவின் ஈக்குவிபக்ஸ் நிறுவனம், 2017 மார்ச்சில் வெளியான அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் திருத்தத்தை உரிய வேளையில் நிறுவத் தவறியது. மே மாதத்தில் ஊடுருவியோர் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விபரங்களைக் கவர்ந்தனர்.

அதற்காகப் புதியன யாவும் நல்லன என்றும் எண்ணலாகாது. 2024 இல் எக்ஸ்-ஸெட் என்னும் சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ மறைவாசல் ஒன்றை வைத்திருந்தனர். உள்நுழைவு அரைச் செக்கன் தாமதமாவதைக் கவனித்த அன்ட்ரெஸ் பிறொயின்ட் என்ற பொறியியலாளர் அதனைக் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைக் கிளைகளை எட்டிய அது, நிலையான பதிப்பை எட்டவில்லை.

ஆகவே, நிலையான பதிப்பில் நின்றுகொண்டு, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பிந்தாது ஏற்பதே எனது நிலைப்பாடு. முதலில் தரவுத்தளத்தையும் சேர்த்து வேறொரு கணினியில் காப்புப்பிரதி எடுக்கவேண்டும். அதனை ஒருமுறையேனும் மீட்டுப் பார்க்கவேண்டும். எவை மாறப்போகின்றன என்ற பட்டியலை வாசித்த பின்னரே சம்மதிக்கவேண்டும். நாம் திருத்திய அமைப்புக் கோப்பை மாற்றவா என்று கேட்டால், ஒப்பிட்டுப் பாராமல் 'ஆம்' என்று சொல்லக்கூடாது.

பலர் மறப்பது இறுதிப் படியை. நூலகக் கோப்பு புதிதானாலும், இயங்கும் சேவையின் நினைவகத்தில் பழையதே இருக்கும். 2014 இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோது, ஓப்பன் எஸ்எஸ்எல்லைப் புதுப்பித்துவிட்டுச் சேவையை மீளத் தொடக்காதவரின் வழங்கி திறந்தே கிடந்தது. கருனி மாறினால் வழங்கியையே மீளத் தொடக்கவேண்டும்.

ஒப்புநோக்காத பக்கத்தை நாம் அச்சுக்கு அனுப்பியதில்லை. அதற்காகப் பத்திரிகையை நிறுத்தி வைத்ததுமில்லை. வழங்கிக்கு வேண்டியதும் அந்தப் பழக்கந்தான்.