மெதுவாக ஓடினால் தூரம் கூடும்

"சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, ஓடியாடித் திரியுங்கள்" என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மகனின் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, சுபஹுத் தொழுகைக்குப் பின் பாடசாலை மைதானத்துக்குப் போகிறீர்கள். பள்ளிக்கூடக் காலத்தில் ஓடிய ஓட்டம் நினைவுக்கு வருகிறது. அதே வீறாப்போடு புறப்படுகிறீர்கள். அரைச் சுற்றில் மூச்சு வாங்குகிறது. ஒரு சுற்று முடிவதற்குள் விலாவில் குத்துகிறது. மூன்றாம் நாள் சப்பாத்து வாசலிலேயே கிடக்கிறது. "வயது போய்விட்டது, நமக்கு இதெல்லாம் சரிவராது" என்று நீங்களே தீர்ப்பும் எழுதிவிடுகிறீர்கள்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பிழையானது. குறை உங்கள் காலிலும் நெஞ்சிலும் அல்ல, வேகத்தில் இருக்கிறது. 400 மீற்றர் சுற்று ஒன்றை 2 நிமிடத்தில் ஓடினால் அது மணிக்கு 12 கிலோமீற்றர் வேகம். பழக்கமில்லாத உடம்புக்கு அது சின்ன வேகமல்ல. அதே சுற்றுக்கு மூன்று, மூன்றரை நிமிடம் எடுத்துப் பாருங்கள். ஒரு சுற்றோடு நின்றவர் இரண்டு, மூன்று சுற்று போவதைக் காண்பீர்கள்.

காரணம் எளியது. மெதுவாக ஓடும்போது தசைகள் கேட்கும் ஒட்சிசனை இதயமும் நுரையீரலும் தாமதமின்றிக் கொண்டுவந்து கொடுக்கின்றன. உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பும் எரிபொருளாகிறது. மெலிந்த ஒருவரின் உடம்பில்கூடக் கொழுப்புக்குப் பஞ்சமில்லை. வேகம் கூடினாலோ தேவை வரவை மிஞ்சிவிடுகிறது. அப்போது உடம்பு தசையில் சேமித்து வைத்த மாச்சத்தை அவசரமாகச் செலவழிக்கிறது, மூச்சு இரைக்கிறது, கால் கனக்கிறது. இதற்கெல்லாம் லக்டிக் அமிலமே குற்றவாளி என்று முன்னர் சொல்வார்கள். பாவம், அதன்மேல் சுமத்திய பழி அதிகம். அதையும் தசைகள் எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன என்பது இப்போது தெரிந்த விடயம்.

இந்த மெதுவான ஓட்டத்தின் அருமையை உலகுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். அவர் வைத்தியருமல்ல, விஞ்ஞானியுமல்ல. ஒக்லாந்து நகரில் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1940களில் ஒருநாள் வயதில் மூத்த நண்பர் ஒருவருடன் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் ஓடப் போய்க் களைத்து விழாத குறையாகத் திரும்பினார். இந்த வயதிலேயே இப்படியென்றால் இன்னும் இருபது வருடத்தில் என்ன ஆவேன் என்று யோசித்தவர், தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கினார். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று வருடக்கணக்கில் ஓடி ஓடிப் பார்த்தார். மூச்சு இரைக்காத வேகத்தில் நீண்ட தூரம் ஓடுவதே அத்திவாரம் என்பது அவர் கண்ட முடிவு.

அவரிடம் பயின்ற பீற்றர் ஸ்னெல் ஓடிய போட்டி 800 மீற்றர், அதாவது மைதானத்தில் இரண்டே சுற்று. அவரையும் லிடியார்ட் வாரத்துக்கு 160 கிலோமீற்றர் வரை ஓட வைத்தார். அதில் ஒரு நாள் மலைப்பாதையில் 35 கிலோமீற்றர். இரண்டு சுற்றுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு 1960 செப்டெம்பர் 2 அன்று ரோம் ஒலிம்பிக்கில் பதில் கிடைத்தது. ஸ்னெல் 800 மீற்றரில் தங்கம் வென்றார். அதே மாலையில், ஒரு மணித்தியாலத்துக்குள், லிடியார்ட்டின் இன்னொரு மாணவரான மரே ஹல்பேர்க் 5000 மீற்றரில் தங்கம் வென்றார். சில நாட்களின் பின் பெரி மகீ மரதனில் வெண்கலம் பெற்றார். மூவரும் ஒரே பயிற்றுநரிடம் பயின்றவர்கள்.

நமக்கு ஒலிம்பிக் வேண்டாம், சீனி இறங்கினால் போதும் என்பீர்கள். லிடியார்ட் அதற்கும் வழிகாட்டினார். இதயநோய் வந்து தேறியவர்களையும் நடுவயதினரையும் சேர்த்து மெல்லோட்டம் பழக்கினார். 1962 இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற பயிற்றுநர் பில் பவர்மன் அங்கு போய் அந்தக் கூட்டத்தோடு ஓடினார். பின்னர் நைக்கி நிறுவனமாக வளர்ந்த கம்பனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர் இவர். அப்போது அவருக்கு வயது 51. எழுபதைத் தாண்டிய கிழவர் ஒருவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் அவர் திணறினாராம்! ஊர் திரும்பியதும் மெல்லோட்டத்தைத் தம் ஊரவர்க்குப் பழக்கத் தொடங்கினார். இதயநோய் வைத்தியர் ஒருவருடன் சேர்ந்து அதைப் பற்றி நூலும் எழுதினார்.

சரி, எவ்வளவு மெதுவாக? கடிகாரம் தேவையில்லை. பக்கத்தில் ஒருவர் ஓடினால் அவரோடு முழு வசனமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு முட்டினால் வேகம் அதிகம். தனியாக ஓடுபவர் வாய்விட்டு ஏதாவது சொல்லிப் பார்க்கலாம். வேகத்தைக் குறைக்க எட்டைச் சிறிதாக்குங்கள். மேலே துள்ள வேண்டாம், பாதம் நிலத்தை ஒட்டியே போகட்டும். அதற்கும் மூச்சு வாங்கினால் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடவுங்கள். நடப்பது தோல்வியல்ல. 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் கலோவேயே புதியவர்களுக்கு இவ்வாறு இடையிடையே நடந்து ஓடத்தான் சொல்லிக்கொடுத்தார்.

இதில் கடினமானது காலுக்கான பயிற்சியல்ல, வெட்கத்துக்கான பயிற்சி. நடந்து போகிறவர் உங்களை முந்துவார். வேலியோரத்தில் நிற்கும் இளவட்டங்கள் "ஹாஜியார், இது ஓட்டமா நடையா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். அவர்களைக் கண்டதும் வேகத்தைக் கூட்டுவதுதான் பலருக்கு வரும் ஆபத்து. அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்துவிடும்.

சகோதரிகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. மெல்லோட்டத்துக்குப் பெரிய மைதானம் அவசியமில்லை. வீட்டு வளவின் சுற்றுமதிலுக்குள்ளேயே இருபது நிமிடம் சுற்றலாம். திருப்பங்களில் இன்னும் மெதுவாகுங்கள், இடையிடையே திசையை மாற்றுங்கள்.

நம் கரையோர ஊர்களின் வெக்கையையும் கணக்கில் எடுங்கள். உடம்பைக் குளிர்விக்க இரத்தத்தின் ஒரு பங்கு தோலுக்குப் போய்விடுவதால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கிறது. நேற்றுக் காலை சுலபமாக இருந்த வேகம் இன்று பின்னேரம் கடினமாக இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். தூரத்தையும் அவசரப்பட்டுக் கூட்டாதீர்கள். சில வாரங்களில் மூச்சு பழகிவிடும், ஆனால் தசைநாரும் எலும்பும் பழக மாதங்கள் எடுக்கும். முழங்காலும் கெண்டைக்காலும் நோவது இந்த இடைவெளியில்தான்.

நெஞ்சு வலியோ இதயநோயோ இருந்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. ஓடும்போது நெஞ்சில் இறுக்கம் வந்தால் உடனே நின்றுவிட வேண்டும். இன்சுலினோ சீனிக்கான குளிசையோ எடுப்பவர்களுக்கு ஓடும்போதும் ஓடிய பின்னும் சீனி மிகவும் இறங்கிவிடலாம். நடுக்கமோ திடீர் வியர்வையோ கண்டால் தாமதிக்காமல் வாயில் போட்டுக்கொள்ள, சட்டைப்பையில் நாலைந்து குளுக்கோஸ் வில்லையோ டொபியோ இருக்கட்டும்.