‘ஜீபூம்பா’ பூதத்துக்குள் ஒளிந்திருந்த எழுத்தாளர்!

‘பட்டணத்தில் பூதம்’ டிவியில் ஓடினால், இன்றைக்கும் வீட்டில் ஒருவராவது சேனல் மாற்றவிடாமல் ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்வார். 1967-ல் வந்த படம். ஜெய்சங்கர், கே.ஆர்.விஜயா, நாகேஷ் என்று பட்டாளமே இருந்தாலும் குட்டீஸ் மனதில் நிற்பது ஜாடிக்குள்ளிருந்து வெளியே வரும் அந்த ‘ஜீபூம்பா’ பூதம்தான். மொட்டைத் தலையும் உருட்டு விழியுமாகச் சிரித்த அந்த நடிகரின் பெயரைக் கேட்டுப்பாருங்கள்... பாதிப் பேர் யோசிப்பார்கள்.

அவர் ஜாவர் சீதாராமன். பூதமாக நடித்தது அவர் செய்த வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். பேனா பிடித்துச் செய்தவை அதைவிடப் பெரியவை.

முதலில் அந்தப் பெயர். ‘ஜாவர்’ என்பது ஊர்ப் பெயரும் இல்லை, குடும்பப் பெயரும் இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோவின் ‘லே மிசரபிள்’ நாவலைத் தமிழில் ‘ஏழை படும் பாடு’ என்று தந்தவர் சுத்தானந்த பாரதியார். அதே பெயரில் 1950-ல் கே.ராம்நாத் இயக்கத்தில் படமும் வந்தது. நாயகன் நாகையாவை விடாமல் துரத்தும் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜாவர் வேடம் சீதாராமனுக்கு. கருணையே காட்டாத அந்த இன்ஸ்பெக்டர் ரசிகர்கள் மனதில் எந்த அளவுக்கு ஒட்டிக்கொண்டார் என்றால், நடித்தவரின் பெயருக்கு முன்னால் கடைசிவரை அவரே நின்றுவிட்டார்!

நான்கு வருடங்கள் கழித்து ‘அந்த நாள்’. ஏவி.எம் தயாரிப்பு, இயக்கம் வீணை எஸ்.பாலசந்தர். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ராஷோமான்’ படத்தைப் பார்த்து அசந்துபோனவர் அவர். படத்துக்குப் பத்துப் பாட்டு கேட்டுப் பழகிய காலத்தில், பாட்டு, நடனம், சண்டை எதுவுமே இல்லாமல் ஒரு தமிழ்ப் படம். ‘பராசக்தி’ வசனத்தால் ஊரையே கட்டிப்போட்ட சிவாஜி, இதில் படம் தொடங்கியதுமே சுடப்பட்டு விழுவார். அன்றைய ரசிகர்களில் பலர் ஏமாந்துபோனதில் ஆச்சர்யமில்லை.

பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை என்றால் ஆட்களை நாற்காலியில் உட்காரவைப்பது யார் பொறுப்பு? எழுதியவர் பொறுப்புதான். ஜாவர் சீதாராமன் அதைச் செய்த விதம் இன்று பார்த்தாலும் சுவாரஸ்யம். இரண்டாம் உலகப் போர் நேரம், 1943, சென்னைமீது ஜப்பான் குண்டு போட்ட சமயம். ரேடியோ இன்ஜினீயர் ராஜன் கொல்லப்படுகிறான். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ரகசியக் காதலி, மனைவி என்று வரிசையாக விசாரணை. ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கை காட்டுகிறார்கள். தம்பியோ தன் மனைவி மீதே சந்தேகத்தைத் திருப்புகிறான்! ஒவ்வொரு வாக்குமூலத்திலும் ராஜன் வேறொரு ஆளாகத் தெரிகிறான். செத்துப்போனவனைப் பற்றி நாம் மெள்ள மெள்ளத் தெரிந்துகொள்வதுதான் கதையே. (கொலையாளி யார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. எழுபது வருடம் கழித்துப் பார்ப்பவருக்கும் அந்த அதிர்ச்சி மிச்சம் இருக்கட்டும்.)

இதில் இன்னொரு வேடிக்கை. விசாரணை நடத்தும் சி.ஐ.டி அதிகாரியாக நடித்தவரும் ஜாவர்தான். கேள்வியை எழுதியவரே திரையில் வந்து அந்தக் கேள்வியைக் கேட்கிறார். குரலை உயர்த்தாமல், மேஜையைத் தட்டாமல், எதிரே இருப்பவரைப் பேசவிட்டுக் கேட்கிற அதிகாரி அவர். பண்டரிபாயுடன் வரும் காட்சிகளில் இதைக் கவனிக்கலாம்.

கமல்ஹாசன் குழந்தையாக அறிமுகமான ‘களத்தூர் கண்ணம்மா’வின் எழுத்திலும் அவர் பெயர் உண்டு. நடுவே ‘உடல் பொருள் ஆனந்தி’, ‘மின்னல் மழை மோகினி’ என்று தொடர்கதைகள். வாரப் பத்திரிகைக்காகக் காத்திருந்து அவற்றைப் படித்த பாட்டிமார்களைக் கேட்டால், பூதத்தை விட்டுவிட்டு ஆனந்தியைப் பற்றித்தான் பேசுவார்கள்.

‘அந்த நாள்’ வந்து பத்து வருடங்களுக்குப் பிறகு, 1964-ல் பாலசந்தர் ‘பொம்மை’ எடுத்தார். படம் முடிந்ததும் இயக்குநரே திரையில் தோன்றி, கேமராவுக்குப் பின்னால் உழைத்தவர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினார். ‘அந்த நாள்’ படத்தில் அப்படி ஓர் அறிமுகம் கிடையாது. ஜாவர் சீதாராமன் எழுதினார் என்பதை, தொடக்கத்தில் ஓடும் எழுத்துகளில்தான் தேடிப் படிக்க வேண்டும்.